ஊரில் கறவை மாடு வாங்குபவர்களுக்கு: எத்தனை லிட்டர், எத்தனை மாதத்துக்கு ஒரு கன்று?

5 ஜனவரி 2025, ஞாயிறு, இரவு 9.50

சிங்கப்பூர் ஈசூனில் இருக்கும் ஒரு தம்பியின் கேள்வி: "பட்டுக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊரில் ஐந்து ஹெச்எஃப் (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன், கறுப்பு வெள்ளை) கலப்பின மாடு வாங்கி அப்பா பொறுப்பில் விடப் போகிறேன். தரகர் காட்டும் மாடெல்லாம் நேரத்துக்குப் பத்து லிட்டர் கறக்கிறது. ஐந்து மாடு, நாளைக்கு நூறு லிட்டர், லிட்டர் 38 ரூபாய். இங்கே ஓவர்டைம் பார்ப்பதைவிட இது மேல்தானே அண்ணே?"

நூறு லிட்டர் வராது தம்பி. நேரத்துக்குப் பத்து லிட்டர் என்பது கன்று போட்டு ஒன்றரை, இரண்டு மாதத்தில் வரும் உச்சம். அப்புறம் மாதாமாதம் இறங்கும். ஏழெட்டு மாதத்தில் பாதி. பிறகு வற்றவிட வேண்டும். அடுத்த கன்று போட்டால்தான் மறுபடி பால். ஆகவே தரகரிடம் கேட்க வேண்டியது, இது கடைசியாக ஈன்ற தேதி என்ன, அதற்கு முந்தைய கன்று எப்போது. பதில் சொல்லாமல் மடியைத் தட்டிக் காட்டினால் அடுத்த மாட்டைப் பாருங்கள்.

5 ஜனவரி, இரவு 11.15

கணக்குப் போட்டே காட்டிவிடுகிறேன், தூக்கம் வரவில்லை.

கறுப்பு வெள்ளை மாடு: 300 நாள் சராசரி 12 லிட்டர், அதாவது 3600. சினை பிடிக்காமல் இழுத்ததால் இன்னும் 60 நாள் நாலு லிட்டர் வீதம் கறக்கிறோம், 240. ஆக 3840 லிட்டர். ஆனால் ஒரு கன்றுக்கும் அடுத்த கன்றுக்கும் இடையில் 18 மாதம், 540 நாள். வகுத்தால் நாளுக்கு 7.1 லிட்டர்.

செவலை ஜெர்சி கலப்பு: 300 நாள் சராசரி 9 லிட்டர், 2700. கன்று இடைவெளி 13 மாதம், 390 நாள். வகுத்தால் நாளுக்கு 6.9.

வித்தியாசம் வருடத்துக்கு எழுபது லிட்டர்கூட இல்லை. ஆவின் 2023 டிசம்பரில் 35இலிருந்து 38 ரூபாய்க்கு ஏற்றியதே, அந்த விலையில் வருடத்துக்கு 2,600 ரூபாய். கறுப்பு வெள்ளைக்குத் தரகர் முப்பதாயிரம் கூடுதலாகக் கேட்டால், அந்தக் காசு திரும்பப் பதினோரு வருடம். அதற்குள் மாடு கிழடாகிவிடும். கன்றும் பாருங்கள்: பத்து வருடத்தில் கறுப்பு வெள்ளை ஆறு ஏழு, செவலை ஒன்பது.

6 ஜனவரி, காலை 6.20

மேலே எழுதியதைப் படித்துவிட்டு உட்லண்ட்ஸ் அண்ணன் ஒருவர், "அப்போ ஹெச்எஃப் வேண்டாம் என்கிறீரா?" என்று கேட்டிருக்கிறார். அப்படிச் சொல்லவில்லை. அதே கறுப்பு வெள்ளை மாடு 13 மாதத்துக்கு ஒரு கன்று போட்டால் 3600ஐ 390 ஆல் வகுக்க வேண்டும்: நாளுக்கு 9.2 லிட்டர். 18 மாதம் இழுத்ததால் போனது நாளுக்கு இரண்டு லிட்டருக்கு மேல், வருடத்துக்கு 29,000 ரூபாய் சொச்சம். ஒரே ஒரு மாட்டில். அந்த இழப்பு எந்த நோட்டிலும் செலவாக ஏறாது, அதனால்தான் யாருக்கும் உறைப்பதில்லை. புண்ணாக்கு மூட்டை ஐம்பது ரூபாய் ஏறினால் மட்டும் ஊரே பேசும்.

தீவனத்தை ஏன் கழிக்கவில்லை என்றும் கேட்டிருந்தார். பாலுக்கான அடர்தீவனம் லிட்டர் கணக்கில் ஏறத்தாழ ஒன்றுதான். உடம்பைக் காப்பாற்றத் தின்னும் தீனிதான் வேறுபடும், பெரிய உடம்புக்குக் கூடுதல். அதையும் சேர்த்தால் 18 மாத மாடு இன்னும் பின்னால் போகும்.

வேலைக்குப் போகும் லாரி வந்துவிட்டது. மீதி ராத்திரி.

6 ஜனவரி, இரவு 10.05

இனி சினைக்கு வருவோம். பசு 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும், முன்னே பின்னே மூன்று நாள். பருவம் நிற்பது அரை நாளிலிருந்து முக்கால் நாள்தான். அது முடிந்து பத்துப் பன்னிரண்டு மணி நேரத்தில் முட்டை வெளியாகும். அதனால்தான் காலையில் கண்டால் மாலையில் சினை ஊசி (காளையின் விந்தைக் குழலால் உள்ளே செலுத்துவது), மாலையில் கண்டால் மறுநாள் காலையில் ஊசி. கண்ணில் படாமல் ஒரு பருவம் போனால் 21 நாள் போச்சு. சினைக்காலம் ஒன்பது மாதம் சொச்சம், சுமார் 280 நாள். அதைக் குறைக்க யாராலும் முடியாது. 390 நாளில் அதைக் கழித்தால் 110 நாள் மிச்சம். கன்று போட்டதும் கருப்பை பழைய நிலைக்குத் திரும்ப 45 முதல் 60 நாள் விட வேண்டும். ஆக உங்கள் கையில் இருப்பது இரண்டு, மிஞ்சினால் மூன்று பருவம். அவ்வளவுதான் ஆட்டம்.

கட்டுத்தறியில் கட்டியே கிடக்கும் மாட்டில் பருவம் தெரியாது. ஒன்றின்மேல் ஒன்று ஏறினால்தானே தெரியும்? காலையிலும் மாலையிலும் அரை மணி நேரம் அவிழ்த்து விடச் சொல்லுங்கள். விட இடமில்லை என்றால், கத்துகிறதா, தீனியில் நாட்டமில்லையா, பால் திடீரென்று குறைந்ததா, பின்னால் கண்ணாடி மாதிரி வழும்பு தொங்குகிறதா என்று பார்க்க வேண்டும். பருவம் முடிந்து ஓரிரு நாளில் கொஞ்சம் ரத்தம் வடியும். ஊசி வீணாகிவிட்டது என்று எங்கள் ஊரில் அதைப் பார்த்துப் பதறுவார்கள். அதற்கு அர்த்தம், பருவம் வந்து போயிருக்கிறது, அவ்வளவே. தேதியைக் குறித்துக்கொண்டு 18ஆம் நாளிலிருந்து கவனித்தால் அடுத்ததைப் பிடிக்கலாம்.

8 ஜனவரி, இரவு 9.30

"கொட்டகையில் கேமரா வைத்தால் இங்கிருந்தே பார்க்கலாமே" என்று ஒருவர் கிண்டலாக எழுதியிருக்கிறார். கிண்டல் இல்லை ஐயா, நான் அதைத்தான் செய்கிறேன். மாடுகள் பெரும்பாலும் சாயங்காலம் தொடங்கி விடியற்காலைக்குள்தான் பருவத்தைக் காட்டும். இங்கே காலை ஐந்தரைக்கு லாரிக்கு நிற்கும்போது ஊரில் மணி மூன்று. அங்கே எங்கள் மாட்டைப் பார்த்துக்கொள்ளும் என் தம்பி நல்ல தூக்கத்தில் இருப்பான். நான் புளோக் கீழே நின்றுகொண்டு கைப்பேசியில் மாட்டின் பின்பக்கத்தை உற்றுப் பார்ப்பேன். ஒருநாள் பக்கத்தில் நின்ற சீனப் பெரியவர் எட்டிப் பார்த்துவிட்டு இரண்டடி தள்ளிப் போய் நின்றார். என்ன நினைத்தாரோ.

இரண்டரை மணி நேர வித்தியாசம் இந்தத் தொழிலுக்கு வரம். இருந்தாலும் கேமரா வழும்பைக் காட்டாது. அதற்கு ஆள் குனிந்துதான் பார்க்க வேண்டும்.

12 ஜனவரி, ஞாயிறு, மதியம்

லிட்டில் இந்தியா தேக்காவில் பொங்கல் கூட்டம், கேம்பல் லேன் பக்கம் மாடு கட்டியிருந்தார்கள். பிள்ளைகள் வரிசையில் நின்று தொட்டுப் பார்க்கிறார்கள். நான் போய்ப் பின்பக்கமாக நின்றேன், பழக்க தோஷம். வீட்டுக்காரி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

சிராங்கூன் சாலை ஒருகாலத்தில் மாட்டுத் தொழுவமும் பால்காரர்களுமாக இருந்த இடம், பஃபலோ சாலை என்ற பெயர் சும்மா வந்துவிடவில்லை. புக்கிட் தீமா மலையடியில் கோல்ட் ஸ்டோரேஜ் நிறுவனம் 1930 வாக்கில் வெளிநாட்டு ஃப்ரீசியன் மாடுகளைக் கொண்டுவந்து பண்ணை நடத்தியது. டெய்ரி ஃபார்ம் சாலை என்று இன்றைக்கும் இருக்கிறதே, அதுதான். அங்கே பூங்காவில் இருக்கும் வாலஸ் கல்வி நிலையம் பழைய மாட்டுக் கொட்டகை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனால் கூரையைப் பாருங்கள், மாடு கட்டிய கட்டடம் என்று பார்த்தவுடன் தெரியும். குளிர்நாட்டு மாட்டை இந்தப் புழுக்கத்தில் வைத்துப் பால் கறந்திருக்கிறார்கள். இன்றைக்குப் பேரங்காடியில் இருக்கும் பால் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வருவது.

சரி, தலைப்புக்கு வருகிறேன்.

12 ஜனவரி, இரவு 10.40

"எந்தக் காளையின் ஊசி போட்டால் சினைப்பிடிப்பு நன்றாக இருக்கும்?" இது புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து வந்த கேள்வி. இரண்டு விஷயத்தைக் குழப்பிக்கொள்கிறார். காளையின் விந்து தரமாக இருப்பது ஒன்று. அந்தக் காளைக்குப் பிறக்கும் கிடேரிகள் பிற்பாடு சீக்கிரம் சினை பிடிப்பது வேறு. இந்த இழையில் நான் சொல்ல வருவது இரண்டாவதை.

பால் அளவு பரம்பரையாக இறங்குவது ஓரளவு வலுவாகவே இருக்கும். மாட்டுக்கு மாடு காணும் வித்தியாசத்தில் கால் பங்கு, முப்பது சதவீதம்வரை பிறவியால் வருவது. சினைப்பிடிப்பில் அது இரண்டு முதல் ஐந்து சதவீதம்தான். மீதியெல்லாம் தீனி, வெயில், பருவம் கண்ட நேரம், ஊசி போட்ட கை.

கை என்றதும் ஒன்று. விந்து அடைத்த ஊசிக் குச்சி இருப்பது மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில். எடுத்ததும் 37 டிகிரி வெந்நீரில் அரை நிமிடம் போட்டு, ஈரத்தைத் துடைத்து, நுனியை வெட்டிக் குழலில் ஏற்ற வேண்டும். எங்கள் வீட்டுக்கு வந்த ஒருவர் குச்சியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு காபி குடித்தார். கேட்டால், "உடம்புச் சூடு போதும்ங்க". அந்த மாடு சினை நிற்கவில்லை, பழி மாட்டின் தலையில். இப்போதெல்லாம் அம்மாவே டம்ளரில் வெந்நீரோடு நிற்பார்.

14 ஜனவரி, இரவு

பொங்கல் வாழ்த்தெல்லாம் தனியாகச் சொல்லிக்கொள்வோம். அந்த இரண்டு முதல் ஐந்து சதவீதத்தைப் படித்துவிட்டு மூன்று பேர், "அப்போ காளை தேர்வு வீண், தீனியைப் பார்த்தால் போதும்" என்று எழுதிவிட்டார்கள். அது அவசர முடிவு.

ஒரு மாட்டின் சினைப்பிடிப்பைப் பார்த்து அதன் பிறவிக் குணத்தைச் சொல்ல முடியாது, சரி. ஆனால் ஒரு காளைக்கு ஆயிரக்கணக்கில் மகள்கள் இருந்து, அத்தனை பேரின் பதிவும் கையில் இருந்தால், சராசரியில் அந்தச் சின்னக் குணமும் துலங்கிவிடும். அமெரிக்காவில் பாலை மட்டும் பார்த்து காளை தேர்ந்தெடுத்த காலத்தில், 1960களிலிருந்து நாற்பது வருடம் ஹோல்ஸ்டீன் மாட்டின் சினைப்பிடிப்பு இறங்கிக்கொண்டே போனது. 2003இல் காளையின் மகள்கள் எவ்வளவு சீக்கிரம் சினையாகிறார்கள் என்பதையும் மதிப்பிட ஆரம்பித்தார்கள். சரிவு நின்றது. 2009இலிருந்து மரபணுவைப் பார்த்துக் கன்றிலேயே கணிக்கிறார்கள். நார்வேக்காரர்கள் இன்னும் உஷார், 1970களிலேயே சினைப்பிடிப்பையும் நோய் எதிர்ப்பையும் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். நார்வே சிவப்பு மாட்டுக்கு இன்றைக்கு இருக்கும் பெயர் அதனால் வந்தது. நியூசிலாந்தில் எல்லா மாடும் புல் தழைக்கும் பருவத்தில் ஒட்டுக்கக் கன்று போட வேண்டும். குறித்த வாரங்களுக்குள் சினையாகாத மாடு மந்தையில் தங்காது.

மெதுவான வேலைதான். ஆனால் தீனியை நிறுத்தினால் அதன் பலன் நின்றுவிடும், ரத்தத்தில் ஏறியது மகளுக்கும் பேத்திக்கும் போகும்.

19 ஜனவரி, ஞாயிறு, மாலை

பாலை மட்டும் துரத்தினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு காளையின் கதை. பானி ஃபார்ம் ஆர்லிண்டா சீஃப், 1962இல் பிறந்த அமெரிக்க ஹோல்ஸ்டீன். மகள்கள் மட்டும் 16,000. அதன் பங்கு அந்நாட்டு ஹோல்ஸ்டீன் இனத்தின் மரபணுவில் கிட்டத்தட்ட 14 சதவீதம். மகள்கள் பாலைக் கொட்டினார்கள். அந்தக் காளையிடம் ஒரு மரபணுக் கோளாறும் இருந்தது. தாய் தகப்பன் இரண்டு பக்கமிருந்தும் அது வந்து சேர்ந்தால் கரு வயிற்றிலேயே கலைந்துவிடும். 2011இல்தான் கண்டுபிடித்தார்கள். அதுவரை உலகம் முழுக்க ஐந்து லட்சத்துக்கு மேல் கரு கலைந்திருக்கும், நட்டம் 42 கோடி அமெரிக்க டாலர் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். அதே ஆய்வு, பால் பெருகியதில் வந்த லாபம் 3,000 கோடி டாலர் என்றும் சொல்கிறது. அதனால் சீஃப்பைத் திட்டவும் முடியவில்லை, கும்பிடவும் முடியவில்லை.

நமக்கு இதில் எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு. நம் ஊரில் ஊசி போடுபவரின் கலனில் ஒரே காளையின் குச்சிதான் மாதக்கணக்கில் இருக்கும். மூன்று வருடம் கழித்து அதே காளையின் மகளுக்கு அதே காளையின் ஊசி விழும். தகப்பன் மகள். யாரும் கவனிப்பதில்லை. குச்சியின்மேல் காளை எண், இனம், நிலையத்தின் குறி, தேதி எல்லாம் பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும். ஊசி போட்டதும் வெறும் குச்சியைக் கேட்டு வாங்கி, உள்ளங்கையில் வைத்துப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். கூடவே காதில் இருக்கும் மஞ்சள் வில்லையின் 12 இலக்க எண்ணையும். என் கைப்பேசியில் பிள்ளைகள் படத்தைவிடக் குச்சிப் படம் அதிகம்.

26 ஜனவரி, இரவு 8.15

கலப்பு விகிதம் பற்றி நிறையக் கேள்வி. நாட்டு மாட்டுக்கு ஹெச்எஃப் ஊசி போட்டால் கன்று 50 சதவீதம். அதற்கும் ஹெச்எஃப் போட்டால் 75. அதற்கும் போட்டால் 87.5. முதல் தலைமுறை பிரமாதமாக இருக்கும், கலப்பு வீரியம் சினைப்பிடிப்பில்தான் நன்றாகத் தெரியும். பார்த்தவுடன் ஆசை வந்து அடுத்தடுத்து ஹெச்எஃப்பே போடுவார்கள். 87.5க்கு வந்ததும் பங்குனி வெயிலில் நாக்கைத் தொங்கப்போட்டு நிற்கும், பருவம் ஊமையாகிவிடும். 50இலிருந்து 62.5க்குள் நிறுத்து என்று கால்நடைத்துறைக்காரர்கள் சொல்வது இதனால்தான். 50 பசுவுக்கு 75 காளை போட்டால் 62.5. ராணுவப் பண்ணைகளில் ஹெச்எஃப்பையும் சாஹிவால் நாட்டினத்தையும் சேர்த்து உருவாக்கிய ஃப்ரீஸ்வால் இந்த 62.5தான். கேரளாவின் சுனந்தினி பிரவுன் சுவிஸ் கலப்பு.

டெல்டாவின் சமவெளிக்கு என் ஓட்டு ஜெர்சி கலப்புக்கு. சின்ன உடம்பு, கொழுப்பு கூடுதல், வெயிலைத் தாங்கும். ஊட்டி, கொடைக்கானல்காரர்கள் என்னோடு சண்டைக்கு வர வேண்டாம், உங்களுக்கு ஹெச்எஃப் சரி.

26 ஜனவரி, இரவு 11.00

"உம்பளாச்சேரி நாட்டு மாடு வளர்த்தால் என்ன?" வளருங்கள். பிறக்கும்போது செம்மண் நிறத்தில் நெற்றியில் வெள்ளைப் பொட்டோடு இருக்கும் கன்று, ஆறேழு மாதத்தில் சாம்பலாக மாறுவதைப் பார்க்கவே ஒன்று கட்டலாம். எங்கள் வீட்டிலும் ஒன்று உண்டு. சேற்று வயலில் உழுவதற்கென்று வந்த இனம் அது, பால் கன்றுக்குப் போக வீட்டுக்குத்தான். தாத்தா காலத்தில் ஒரு மாட்டின் சுழியைப் பார்த்தார்கள், பிறகு அதன் தாய் எத்தனை கன்று போட்டது என்று கேட்டார்கள். இரண்டாவது கேள்வியை மட்டும் நாம் விட்டுவிட்டோம்.

2 பிப்ரவரி, ஞாயிறு

ஈசூன் தம்பி திரும்ப வந்திருக்கிறார்: "கிடேரிக் கன்றே பிறக்கும் ஊசி இருக்கிறதாமே?" இருக்கிறது. பத்தில் ஒன்பது கிடேரி. ஆனால் வழக்கமான குச்சியில் சுமார் 2 கோடி விந்தணு என்றால் இதில் 20 முதல் 40 லட்சம்தான். சினைப்பிடிப்பு குறையும். முதல் சினைக்கு வரும் திடமான கிடேரிக்குப் போடுங்கள். மூன்று முறை போட்டும் நிற்காத மாட்டுக்கு இதைப் போட்டால் காசும் போச்சு, இன்னொரு 21 நாளும் போச்சு.

இன்னொன்று. இரட்டையில் ஒன்று காளை, ஒன்று கிடேரி என்றால் அந்தக் கிடேரி பெரும்பாலும் மலடு. அதை "நல்ல வம்சம்" என்று சந்தையில் தள்ளுவார்கள். இரட்டையா என்று கேளுங்கள்.

9 ஏப்ரல், இரவு

இழை தூங்கிவிட்டது என்று நினைத்தேன். வெயில் வந்ததும் எல்லாரும் எழுந்துவிட்டீர்கள். "மாடு கன்று போட்டு மூன்று மாதமாகியும் பருவத்துக்கே வரவில்லை." ஐந்து பேர், ஒரே கேள்வி.

கன்று போட்டதும் பால் வேகமாக ஏறும், பசி மெதுவாகத்தான் ஏறும். இடைப்பட்ட வாரங்களில் மாடு தன் உடம்பைக் கரைத்துத்தான் பாலாக்குகிறது. விலா எலும்பு எண்ணும்படி இறங்கிய மாட்டுக்குப் பருவம் வராது, வந்தாலும் நிற்காது. அதிகம் கறக்கும் மாட்டுக்கு இது அதிகம். அதனால் கவனிப்பு சினையின் கடைசி இரண்டு மாதத்திலேயே தொடங்க வேண்டும். வற்றிய மாடுதானே என்று வெறும் வைக்கோல் போடுகிற வீட்டில் இதுதான் நடக்கும். தாது உப்புக் கலவையை நிறுத்தாதீர்கள். நிழல், மின்விசிறி, மதியம் தண்ணீர் தெளிப்பு. தீனியை வெயில் தாழ்ந்து வையுங்கள். நஞ்சுக்கொடி சரியாக விழாத மாடு என்றால் முதலில் மருத்துவரிடம் கருப்பையைக் காட்டுங்கள், ஊசி அப்புறம்.

ஆசைக்காக வாங்கிய எங்கள் கறுப்பு வெள்ளையைப் போன மாதம் தம்பி விற்றுவிட்டான். எனக்கு வருத்தம்தான், மடி அழகு அப்படி. அவன் நோட்டைப் படமெடுத்து அனுப்பினான். பருவம், ஊசி, பருவம், ஊசி என்று ஒரு பக்கம் முழுக்க. செவலைக்கு இரண்டே வரி.

13 ஏப்ரல், ஞாயிறு

ஈசூன் தம்பி படம் அனுப்பியிருக்கிறார். தரகர் துண்டுக்கடியில் விரலைப் பிடித்துப் பேரம் முடித்துவிட்டாராம், முன்பணம் கேட்கிறாராம். "மூன்று மாதச் சினை, இரண்டாம் ஈத்து" என்கிறார்களாம்.

இன்றைக்குப் பணம் அனுப்பாதீர்கள் தம்பி. உங்கள் ஊர்க் கால்நடை மருந்தக டாக்டரைக் கூப்பிட்டுக் கைவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், மூன்று மாதச் சினை கையில் தெரிந்துவிடும். காது வில்லை எண்ணை வாங்கி, ஊசி போட்ட பதிவு இருக்கிறதா என்று அவரிடமே கேளுங்கள். ஐந்து மாடு ஒரேயடியாக வேண்டாம், இரண்டு வாங்குங்கள். விடியற்காலை எழுந்து பார்க்க அப்பாவுக்கு உடம்பு ஒத்துழைக்குமா என்பதையும் அவரிடம் நேரில் கேளுங்கள், உங்களுக்காகச் சரி என்றுதான் சொல்வார், அம்மாவிடமும் கேளுங்கள். டாக்டர் சொன்னதை இங்கே எழுதுங்கள், விலையை அப்புறம் பேசுவோம்.